மால்டா நாட்குறிப்பு: தானமாக வந்த ஹெலிகாப்டர்கள்

செப்டம்பர் 21, ஞாயிறு: வலெட்டா

காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வெயில் முப்பது டிகிரியைத் தாண்டவில்லை என்கிறது போன். ஆனால் ஆப்பிரிக்காப் பக்கமிருந்து வரும் காற்று ஈரத்தையும் தூசியையும் சேர்த்தே கொண்டுவருகிறது. நேற்று துவைத்துப் போட்ட துண்டு இன்னும் காயவில்லை.

மச்சினர் மகள் இந்த ஊரில் நர்ஸ். இம்சீடாவில் அவளும் தோழிகளும் எடுத்திருக்கும் வீட்டில் எனக்கும் ஒரு கட்டில். டியூட்டிக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "எல்லாரும் கடல்ல குளிக்கோணும்னு இங்க வாராங்க மாமா. நீங்க ஒருத்தருதானுங் ஹெலிகாப்டர் பாக்கோணும்னு வந்திருக்கீங்க."

உண்மைதான். சூலூரிலும் வேறு தளங்களிலும் இந்திய விமானப் படையில் சேத்தக் ஹெலிகாப்டரின் அடியில் படுத்தே பாதி ஆயுசைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தேடுவது ஹேங்கர் எனும் விமானக் கொட்டகையைத்தான். மால்டாவின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். சண்டை விமானம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் அதன் ஆயுதப் படைக்கு ஒரு விமானப் பிரிவு உண்டு. அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசை.

இன்று அவர்களுடைய சுதந்திர தினம். 1964ல் இதே தேதியில் பிரிட்டனிடமிருந்து விடுபட்டார்கள். தலைநகர் வலெட்டாவில் கொடிகள் தொங்கின, கடைகள் பாதி அடைப்பு. நகர வாசலில் இருந்து ரிபப்ளிக் தெரு நேராக இறங்கி, முனையில் செயின்ட் எல்மோ கோட்டையில் முடிகிறது. அங்கேதான் தேசியப் போர் அருங்காட்சியகம்.

கூட்டம் முழுக்க ஒரே இடத்தில் மொய்த்தது. இறக்கை இல்லாத ஒரு கிளாடியேட்டர் விமானத்தின் உடல், பெயர் 'ஃபெய்த்'. 1940 ஜூன் 10ல் இத்தாலி போர் அறிவித்தது, மறுநாள் காலையிலேயே மால்டாவின் மீது குண்டு விழுந்தது. அப்போது தீவில் இருந்த போர் விமானங்கள், கடற்படைக்காகப் பெட்டிகளில் அடைத்து வைத்திருந்த இந்த இரட்டை அடுக்கு இறக்கைக்காரர்கள்தான். ஃபெய்த், ஹோப், சாரிட்டி என மூன்றே மூன்று விமானம் தீவைக் காத்தது என்பது கதை. பெட்டிகளில் இருந்தவை மூன்றுக்கும் மேல், பெயர்களும் பின்னால் சூட்டியவை. இருந்தாலும் அந்த உடலின் முன்னால் நின்றால் கணக்குப் பேசத் தோன்றாது. 1943ல் ஏர் வைஸ் மார்ஷல் கீத் பார்க் அதை மால்டா மக்களுக்கே பரிசாகக் கொடுத்தார். அதற்கு முந்தின ஆண்டு, 1942 ஏப்ரலில், தீவு மொத்தத்துக்கும் ஜார்ஜ் கிராஸ், பிரிட்டன் வீரத்துக்குத் தரும் சிலுவைப் பதக்கம். அந்தச் சிலுவை இன்றும் நாட்டுக் கொடியின் மூலையில் இருக்கிறது.

இந்தக் கதை முழுக்க பிரிட்டிஷ் விமானப் படையினுடையது. மால்டாவின் சொந்த விமானப் பிரிவு 1972ல்தான் ஆரம்பம். காவலாளியிடம் அதைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அதுக்கு நீங்க ஏர்போர்ட் பக்கம் போகணும்" என்றார்.

மதியம் ஒரு ஜன்னல் கடையில் பாஸ்டிட்சி. பட்டாணி வைத்தது ஒன்று, ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்தது ஒன்று. நம் ஊர் பேக்கரி பஃப்ஸுக்கு எண்ணெய் அபிஷேகம் செய்தது மாதிரி. ஒன்று ஒரு யூரோவுக்கும் குறைவு. தட்டில் இருந்ததைக் காட்டி அது வேண்டும் என்றேன். "ஆறிப்போச்சு, இரண்டு நிமிஷம் இரு" என்று கையாலேயே தடுத்துவிட்டு, அடுப்பிலிருந்து புதுத் தட்டை இழுத்தார் கடைக்கார அம்மா. விற்பனை தள்ளிப்போவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்: பிர்கு

துறைமுகத்தைக் கடக்க வண்ணம் பூசிய சின்னப் படகு. இரண்டு யூரோ. படகுக்காரர் ஏறும்போதும் இறங்கும்போதும் முழங்கையைப் பிடித்து விட்டார், எனக்கு மட்டுமல்ல, இருபது வயதுப் பையனுக்கும்.

பிர்கு கரையில் விடுதலை நினைவுச்சின்னம். பிரிட்டிஷ் மாலுமியும் மால்டாக்காரரும் கைகுலுக்கி விடைபெறும் வெண்கலச் சிலைகள். தேதி 1979 மார்ச் 31. சுதந்திரம் 1964லேயே வந்துவிட்டது என்றேனே, அதற்கப்புறமும் பதினான்கு ஆண்டு பிரிட்டிஷ் படை இங்கே இருந்தது. 1971ல் பிரதமரான டொம் மின்டாஃப் அவர்களிடம் வாடகையை உயர்த்திக் கேட்டார். 1972ல் ஆண்டுக்கு 14 மில்லியன் பவுண்டு என்று முடிவானது. பிரிட்டனும் நேட்டோ நாடுகளும் சேர்ந்து கொடுத்தன. காலக்கெடு முடிந்ததும் கடைசிக் கப்பல் கிளம்பியது.

வாடகை பேசிய அதே 1972ல்தான் மேற்கு ஜெர்மனி நான்கு பெல் 47 ஹெலிகாப்டர்களை மால்டாவுக்கு இலவசமாகக் கொடுத்தது. பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள், முன்னால் கண்ணாடிக் குமிழி, பின்னால் வெறும் கம்பிக்கூடு. பிஸ்டன் எஞ்சின் ஒன்றே ஒன்று. இதை வைத்து யாரோடும் போர் நடத்த முடியாது. ஆனால் கரையோரமாகப் பறந்து கடத்தல் படகைப் பார்க்கலாம். தன் நாட்டை மேலே இருந்து பார்க்க முதல் முறையாகத் தன் பைலட்டுக்கே ஒரு இருக்கை கிடைத்தது என்பதும் சின்ன விஷயமில்லை.

மறு ஆண்டு லிபியா ஒரு ஜெட்ரேஞ்சர் ஹெலிகாப்டர் கொடுத்தது. மின்டாஃபுக்கும் லிபியத் தலைவர் கடாஃபிக்கும் அப்போது நல்ல நெருக்கம். லிபிய ஹெலிகாப்டர்களும் படையினரும் இங்கேயே வந்து தங்கித் தேடல், மீட்பு வேலை செய்தார்கள். 1980 ஆகஸ்டில் எல்லாம் தலைகீழ். மால்டாவுக்காக மெதினா திட்டு என்ற கடல்பகுதியில் எண்ணெய் துளையிட்டுக்கொண்டிருந்த இத்தாலிய மேடையை லிபியப் போர்க்கப்பல் வந்து நிறுத்தச் சொன்னது. லிபியப் படையினர் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த மாதமே இத்தாலியோடு நடுநிலை ஒப்பந்தம். பிறகு இத்தாலிய ராணுவக் குழு வந்தது, அவர்களுடைய ஏபி 212 ஹெலிகாப்டர்கள் வந்தன, மால்டாக்காரர்களும் அவர்களோடு பயிற்சி பெற்றார்கள்.

ஒரு நாட்டின் ஹேங்கரைப் பார்த்தே அந்த வருடம் யாரோடு கைகோத்திருந்தது என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. இந்தியாவிலும் அப்படித்தான் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கினோம்.

சாப்பாடு, ஃப்தீரா. வட்ட ரொட்டியைப் பிளந்து தக்காளி, சூரை மீன், ஆலிவ், கேப்பர் மொட்டு. ஏழு யூரோ, இரண்டு பேர் சாப்பிடலாம். கூடவே கின்னி என்ற பானம், கசப்பு ஆரஞ்சில் செய்வது. முதல் மடக்கில் கஷாயம், மூன்றாவது மடக்கில் பழகிவிடும், பாட்டில் தீரும்போது இன்னொன்று வேண்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்: தா காலி

பஸ்ஸில் ஒரு பயணத்துக்கு இரண்டரை யூரோ. உள்ளூர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு இலவசம். ஆகவே சுற்றுலாக்காரன் மட்டும் சில்லறை எண்ணிக்கொண்டிருக்க, பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். டிரைவர் பாலக்காட்டுக்காரர். கோயம்புத்தூர் என்றதும் "நம்ம பக்கந்தன்னே!" என்று தமிழும் மலையாளமுமாகச் சிரித்தார். சாலையிலிருந்து மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

தா காலி பழைய பிரிட்டிஷ் விமானதளம். இப்போது ஒரு பக்கம் கால்பந்து மைதானம், ஒரு பக்கம் கைவினைக் கடைகள், நடுவில் விமான அருங்காட்சியகம். இங்கேதான் இந்தப் பயணத்தின் சுகமான நாள்.

இரண்டு பிரிட்டிஷ் போர் விமானங்களுக்காகவே வரலாம். ஒன்று ஸ்பிட்ஃபயர் இஎன் 199. போரில் தப்பித்த அது, 1946 டிசம்பரில் லூக்கா விமானதளத்தில் அடித்த புயல்காற்றில் கல்குவாரிக்குள் போய் விழுந்தது. மற்றொன்று ஹரிகேன் இசட் 3055. 1941 ஜூலையில் கடலில் விழுந்து, 1995ல் மேலே எடுக்கப்பட்டது. ஐம்பது வருட உப்புத் தண்ணீர் அலுமினியத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், கையில் எடுத்தால் பொடியாகும். இதை நிற்க வைத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

அந்தத் தொண்டர்களில் ஒருவர் மால்டா படையில் மெக்கானிக்காக இருந்தவர். எழுபது வயது இருக்கும், நகக்கண்ணில் கிரீஸ். நான் சேத்தக் என்றேன், அவருக்குப் புரியவில்லை. அலூயெட் 3 என்றதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிரான்ஸின் அலூயெட்டைத்தான் நாம் உரிமம் வாங்கி பெங்களூரில் சேத்தக்காகச் செய்தோம். மால்டாவிலும் 1990களில் இருந்து அலூயெட்தான் பாரம் சுமந்தது. அவற்றில் லிபியாவில் இருந்து வந்தவையும் உண்டு. போனில் ஒரு படம் காட்டினார், அலூயெட்டின் பக்கத்தில் மீசையோடு அவர். அதே மூக்கு, அதே மூன்று பிளேடு. என் போனிலும் அதே போஸில் ஒரு படம் இருந்தது. மீசை மட்டும் என்னுடையது பெரிது.

தேநீர் கொடுத்தார். பேச்சு ஸ்பேர் பார்ட்ஸ் பக்கம் போனது, வேறெங்கே போகும்?

"பெல்லுக்கு இஞ்ச் ஸ்பேனர். அலூயெட்டுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர். இத்தாலிக்காரன் 1992ல் ஐந்து பேர்ட் டாக் விமானம் கொடுத்தான், அதுவும் இஞ்ச். பிறகு பிரிட்டனில் ஓய்வு கொடுத்த புல்டாக் பயிற்சி விமானம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம், ஒரு கிரீஸ், ஒரு பயிற்சி. நாங்கள் கொஞ்சம் பேர்."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். இதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதானே நம் வேலை!" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? இலவச விமானத்தின் விலை அதைப் பெற்ற நாளில் தெரியாது. ஐந்தாவது வருடம் ஒரு கியர்பாக்ஸுக்காக நாலு நாட்டுக்குக் கடிதம் எழுதும்போது தெரியும். ஒரே ரகத்தில் இருபது வைத்திருக்கும் படை, ஒன்றைப் பிரித்து இன்னொன்றைப் பறக்க வைக்கும். ஐந்து ரகத்தில் நாலு நாலு வைத்திருப்பவன் என்ன செய்வான்?

பேர்ட் டாக் பற்றி அவருக்குப் பிரியம் அதிகம். ஹெலிகாப்டர் அல்லாமல், இறக்கை வைத்த விமானமாக மால்டா படைக்கு வந்த முதல் விமானம் அது. மெதுவாக, தாழ்வாக, நிதானமாகப் பறக்கும், கரையோரக் காவலுக்குத் தோது. ஆனால் ஒற்றை எஞ்சின். கடலுக்கு மேல் ஒற்றை எஞ்சினில் போகிறவர்களை எந்த மெக்கானிக்கும் நிம்மதியாக வழியனுப்ப மாட்டான். 1995ல் இரட்டை எஞ்சின் ஐலாண்டர் வந்ததும்தான் தூக்கம் வந்ததாம்.

கிளம்பும்போது வாசலில் இருந்த நன்கொடைப் பெட்டியில் பத்து யூரோ போட்டேன். அவர் பார்த்துவிட்டு, "ஹரிகேனுக்கு ஒரு போல்ட்டு" என்றார்.

செப்டம்பர் 24, புதன்: இம்சீடா

மதியம் ஒரு மணிக்கு வானம் ஈயமாகி, பத்தே நிமிடத்தில் தெருவெல்லாம் தண்ணீர். சுற்றியுள்ள மேட்டு ஊர்களின் மழை முழுக்க இம்சீடாவின் பள்ளத்தில்தான் இறங்கும் என்று யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. கடைக்காரர் ஒருவர் என்னை உள்ளே இழுத்து, ஒரு ஸ்டூலும் கொடுத்து, வாசலில் மரப்பலகை சொருகினார். பலகைக்குக் காடி ஏற்கெனவே இருந்தது. அவர்களுக்கு இது வருடாந்திர விருந்தாளி.

இரண்டு மணி நேரம் அந்தக் கடையிலேயே. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தெருவில் மிதந்து போனது. வேறொன்றும் நடக்கவில்லை. செருப்பு போச்சு, புதியது பதினெட்டு யூரோ.

செப்டம்பர் 25, வியாழன்: லூக்கா, ஹல் ஃபார்

மழைக்கு அப்புறம் காற்று கழுவிவிட்டது போலத் தெளிவு. கிர்கோப்பில் சாலை ஓடுபாதைக்கு அடியில் சுரங்கமாகப் போகிறது. விமானப் பிரிவின் தளமும் இதே லூக்கா விமான நிலையத்தில்தான், பயணிகள் முனையத்தில் இருந்து தள்ளி. வேலிக்கு வெளியே விமானம் பார்க்கிற கூட்டம் எங்கும் உண்டு. இங்கேயும் மடக்கு நாற்காலி, தொப்பி, பெரிய லென்ஸோடு நான்கு பேர். எனக்கும் ஒரு நாற்காலியை நகர்த்தினார்கள், ஆள் யார் என்று கேட்கும் முன்பே.

வெளியே ஒரு கிங் ஏர் பி200 நின்றிருந்தது. 2011ல் இருந்து வரத் தொடங்கிய கடல் கண்காணிப்பு விமானம். தூரத்தில் ஏடபிள்யூ 139 ஹெலிகாப்டர், 2014ல் இருந்து வந்தவை மூன்று. இரண்டு ரகத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காவல் நிதி கைகொடுத்தது. 2004ல் ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, பெரியண்ணனின் பழைய சட்டையைப் போட வேண்டிய அவசியம் போய்விட்டது. புதுத் துணி, ஆனால் கொடுத்தவர் ஒரு வேலையையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

நாற்காலிக்காரர்களுக்குப் பிடித்த கதை 2011 பிப்ரவரி 21. அன்று மதியம் லிபிய விமானப் படையின் இரண்டு மிராஜ் எஃப்1 விமானங்கள் இதே ஓடுபாதையில் இறங்கின. பெங்காசியில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது குண்டு போட உத்தரவு, அதை மறுத்து இங்கே வந்துவிட்டோம் என்றார்கள் இரண்டு பைலட்டுகளும். திருப்பிக் கொடு என்று கடாஃபி அரசு கேட்டது, மால்டா கொடுக்கவில்லை. ஆட்சி மாறிய பின், 2012ல்தான் அவை லிபியாவுக்குத் திரும்பின. ஒரு வருடம் இந்தத் தீவில் இரண்டு சண்டை விமானம் நின்றிருந்தது, இரண்டும் அடுத்தவருடையது.

அங்கிருந்து ஹல் ஃபார். 1940ல் கிளாடியேட்டர்கள் கிளம்பிய தளம். ஓடுபாதையின் ஒரு பகுதியில் இப்போது கார்ப் பந்தயம். பக்கத்தில் கடல் வழியாக வந்த அகதிகளுக்கான முகாம். பஸ் நிறுத்தத்தில் எரித்ரிய இளைஞர் ஒருவர் தன் குடைக்குள் எனக்கும் இடம் கொடுத்தார். மழைக்கு அல்ல, வெயிலுக்கு. கட்டட வேலையாம். எப்படி வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

316 சதுர கிலோமீட்டர் நாட்டின் பொறுப்பில் இருக்கும் தேடல், மீட்புக் கடற்பரப்பு சுமார் 2,50,000 சதுர கிலோமீட்டர். துனிசியாப் பக்கத்தில் தொடங்கி கிரீட் வரை. பிரிட்டிஷ் காலத்து வான் எல்லையைச் சுதந்திரத்தோடு வாங்கிக்கொண்டதால் வந்த சீதனம் இது. அந்த வான் எல்லையால் வருமானம் உண்டு, கடலால் கடமை உண்டு. 2013 அக்டோபர் 11 அன்று சிரிய அகதிகள் நிறைந்த படகு ஒன்று இத்தாலியின் லாம்பெதூசா தீவில் இருந்து சுமார் 61 கடல் மைலிலும் மால்டாவில் இருந்து 118 கடல் மைலிலும் தத்தளித்தது. ரோமுக்கும் மால்டாவுக்கும் இடையே யார் போவது என்று போனில் மணிக்கணக்கில் பேச்சு. படகு கவிழ்ந்ததை மேலே இருந்து பார்த்துச் சொன்னது மால்டாவின் விமானம்தான். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் ஏராளமான குழந்தைகள். அதற்குப் பிறகும் உதவிக் குரலுக்கு மால்டா தாமதமாகப் பதில் சொல்கிறது என்ற புகார் நிற்கவில்லை.

விமானத்தைப் பழுது பார்க்கிறவனுக்கு இது தொண்டையில் நிற்கும். இயந்திரம் சரியாக இருந்தது, பைலட் சரியாகப் பார்த்தார், ரேடியோ வேலை செய்தது. எங்கள் லாக் புக்கில் இதற்கு 'சர்வீசபிள்', அதாவது பழுதில்லை, என்றுதான் எழுதுவோம்.

இரவு மச்சினர் மகளிடம் சொன்னேன். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவள் அவள். "ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வர்றவங்களையும் பாக்கறம் மாமா. அதையும் எழுதுங்" என்றாள். எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி: வீத் இஸ் ஸுர்ரீ

நீலக் குகைக்குப் படகில் போகலாம் என்று வந்தால், புயலின் மிச்ச அலை இன்னும் அடங்கவில்லை, படகு கிடையாது. டிக்கெட் ஜன்னலில் இருந்தவர் வருத்தமே படாமல், "மேலே ஏறிப் பாருங்க, காசும் மிச்சம்" என்றார். மேலே இருந்து ஃபில்ஃப்லா தெரிந்தது, யாரும் குடியில்லாத பாறைத் தீவு. 1971 வரை பிரிட்டிஷ் கப்பல்களும் விமானங்களும் அதன் மீது குண்டு போட்டுப் பழகின. இப்போது பறவைகளுக்கும், அங்கே மட்டும் வாழும் ஒரு பல்லி வகைக்கும் பாதுகாக்கப்பட்ட இடம். நான் பார்த்த ஹரிகேன் விழுந்ததும் இந்தக் கடலில்தான்.

கரையோர உணவகத்தில் லம்பூக்கி. செப்டம்பரில் வரும் மீன். பனையோலைப் பாய்களை மிதக்கவிட்டு, அந்த நிழலில் கூடும் மீனைப் பிடிக்கிறார்கள். தக்காளி, ஆலிவ், கேப்பரோடு வந்தது. வெள்ளைச் சதை, முள் குறைவு. மிளகாய் கேட்டேன், சர்வர் ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெயில் ஊறியதைக் கொண்டுவந்து, நான் சாப்பிடும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

அப்போது ஏடபிள்யூ 139 ஒன்று வந்து அலைக்கு மேல் நின்றது. கயிற்றில் ஒருவர் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். பயிற்சி. காற்று பக்கவாட்டில் அடிக்க, வண்டி அசையாமல் நின்றது. கையில் இருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன்.

பக்கத்து மேசையில் ஒரு இத்தாலியப் பெரியவர், மனைவியோடு. ஹெலிகாப்டரைக் காட்டி, "எங்கள் நாட்டில் செய்தது. ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நாங்கள்தான்" என்றார் கடை முழுக்கக் கேட்கும்படி.

சர்வர் தட்டை வைத்துக்கொண்டே, "இதை நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம் சார்" என்றார்.

"ஐரோப்பிய ஒன்றியத்தின் காசு!"

"நாங்களும் ஒன்றியம்தான்."

பெரியவரின் மனைவி சிரித்துவிட்டார். பெரியவர் என் பக்கம் திரும்பினார், நியாயம் கேட்பது போல. ரோட்டார் நல்ல சமநிலையில் இருக்கிறது, பராமரிப்பு சுத்தம் என்று மட்டும் சொன்னேன். இருவருமே அதைத் தங்களுக்கான பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள். லம்பூக்கி இருபத்திரண்டு யூரோ. இத்தாலியர் தன் பில்லில் பேரம் பேசிப் பார்த்தார், சர்வர் ஒரு சென்ட்டும் குறைக்கவில்லை.